‘செமி ஹாலோ’ என்றால் உள்ளே கட்டை இருக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைக்கருவிகள் வாங்குவோருக்கான குறிப்புகள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளியாவதால், எலெக்ட்ரிக் கிட்டார் விற்பனையில் நெடுங்காலமாக நிலவும் ஒரு பெயர்க் குழப்பத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். 22 ஆண்டுகள் ஆசைப்பட்டு, கடைசியில் ஒரு செமி ஹாலோ (உடல் பாதி மட்டும் உள்ளீடற்ற) கிட்டார் வாங்கியவன் நான். சரியாகச் சொன்னால், செமி ஹாலோ என்று நம்பி வேறொன்றை வாங்கி, அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு உண்மையான செமி ஹாலோவை வாங்கியவன்.

மாணவப் பருவத்தில் நண்பர் அறையில் ஓடிய ஓர் ஒலிநாடாவில்தான் அதன் நாதம் முதன்முதலாகக் காதில் விழுந்தது. முழுக்கட்டையில் செய்த சாலிட் பாடி கிட்டாரின் கூர்மை அதில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுரத்தின் விளிம்பிலும் மரப்பெட்டிக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு காற்றோட்டமும் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து அதற்காகப் பணம் சேர்க்கத் தொடங்கினேன். சேரும்போதெல்லாம் வீட்டில் அதைவிட அவசரமான ஏதாவது ஒன்று முந்திக்கொண்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய சாலிட் பாடி கிட்டார்கள் இரண்டை வைத்துக்கொண்டு வாசித்தபடியே நாட்களைக் கடத்தினேன்.

கடைசியில் சென்ற ஆண்டு வாங்கிய கிட்டாரின் விவர அட்டையில் ‘செமி ஹாலோ’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. செந்நிற உடல், இருபுறமும் ‘எஃப்’ வடிவத் துளை, பார்த்தால் நான் கனவில் கண்டது அப்படியே. ஒரு மாதம் வீட்டில் மெல்லிய ஒலியில் வாசித்தபோது குறையொன்றும் தெரியவில்லை. நண்பர்களோடு ஒத்திகைக்குச் சென்று, டிரம்ஸுக்கு ஈடுகொடுப்பதற்காக, கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பின் ஒலியைக் கூட்டிய அன்றுதான், நான் தந்தியைத் தொடாமலேயே ஐந்தாம் தந்தி அதிரத் தொடங்கி, கிட்டார் அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டது. உள்ளங்கையால் தந்திகளை அழுத்தினால் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி கிளம்பும். ஆம்பை விட்டு விலகி நின்றேன், திரும்பி நின்றேன். கடைசியில் இரவல் கிட்டாரில்தான் அன்றைய ஒத்திகையை முடித்தேன்.

வீடு திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் வெளிச்சத்தை ஒரு துளையின் வழியே உள்ளே அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தங்குதடையின்றி மறுபக்கத் துளையின் வழியே வெளியே வந்து எதிர்ச்சுவரில் ‘எஃப்’ வடிவத்தில் விழுந்தது. நடுவே இருக்க வேண்டிய கட்டை இல்லை. என் கையில் இருந்தது முழுக்க உள்ளீடற்ற ஹாலோ பாடி கிட்டார்.

மறுநாள் கடையில் கேட்டபோது, “எஃப் துளை இருந்தாலே செமி ஹாலோதான் சார்” என்றார்கள். அவர்கள் வேண்டுமென்று ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. அப்படித்தான் அவர்களும் நம்பியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் துளைக்காக வந்ததல்ல. 1936-இல் கிப்சன் நிறுவனம் இ.எஸ்-150 கிட்டாரை வெளியிட்ட காலத்தில், பெரிய இசைக்குழுக்களின் ஊதுகருவிகளுக்கிடையே கிட்டாரின் ஒலி எடுபட வேண்டும் என்பதே தேவையாக இருந்தது. அதனால் உள்ளீடற்ற கிட்டாரின் மேல், தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப் ஒன்றைப் பொருத்தினார்கள். ஒலியைக் கூட்டக் கூட்ட வேறொரு தொல்லை முளைத்தது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மெல்லிய மேற்பலகையை அசைக்க, பலகை தந்தியை அசைக்க, தந்தியின் அசைவைப் பிக்கப் மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்ப, அது சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகிவிடும். மேடையில் மைக்கை ஒலிபெருக்கியின் முன்னே கொண்டுபோனால் நேர்வதும் இதுவேதான்.

இதற்கு விடை தேடிய கிட்டார் கலைஞர் லெஸ் பால், 1940-ஐ ஒட்டிய காலத்தில், 4 அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் தந்தியையும் பிக்கப்பையும் பொருத்தி, பார்ப்பதற்குக் கிட்டாராகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு எபிஃபோன் கிட்டாரின் உடலை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டினார். 1958-இல் டெட் மெக்கார்ட்டியின் தலைமையில் கிப்சன் வெளியிட்ட இ.எஸ்-335 கிட்டாரும் அமைப்பில் இதற்கு உறவுதான். மெல்லிய உடலின் நடுவே, கழுத்து இணையும் இடத்திலிருந்து அடிவரை, ஒரு மேப்பிள் கட்டை ஓடுகிறது. இருபுறச் சிறகுகள் மட்டுமே வெற்றிடம். பிக்கப்புகள் அந்தக் கட்டையில் அமர்கின்றன. தந்திகள் படிந்து நிற்கும் பிரிட்ஜைத் தாங்கும் திருகுகளும் அதில்தான் இறங்குகின்றன. மேற்பலகை விருப்பம்போல அதிர முடியாததால் ஊளை தள்ளிப்போகிறது, மீட்டிய சுரம் நீண்டு நிற்கிறது. சிறகுகளின் வெற்றிடம் நாதத்துக்குக் கொஞ்சம் காற்றைச் சேர்க்கிறது. ‘செமி’ என்ற சொல் குறிப்பது இந்தக் கட்டையைத்தான்.

முழு ஹாலோ கிட்டார் மட்டமானது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். 1961-இல் வந்த எபிஃபோன் கசினோ முழுக்க உள்ளீடற்றது. பீட்டில்ஸ் குழுவில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் அதை வாசித்தவர்கள். தனியாகவோ சிறு குழுவிலோ அடக்கமான ஒலியில் வாசிப்பவருக்கு அதைப் போன்ற துணை வேறில்லை. இன்னொரு வகையும் உண்டு: ஃபெண்டர் 1968-இல் வெளியிட்ட டெலிகாஸ்டர் தின்லைன் போல, கெட்டிக்கட்டையின் உள்ளே அறைகளைக் குடைந்து ஒற்றைத் துளை வைத்தவை. மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கும். மூன்றின் மேலும் ஒரே பெயரை எழுதி ஒட்டினால் வாங்குபவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

வெளியடையாளங்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தந்திகளின் நுனி உடலின் நடுவில் திருகிய பட்டையில் நின்றால் செமி ஹாலோ, அடிவிளிம்பிலிருந்து நீளும் டிரப்பீஸ் என்ற கம்பிச் சட்டத்தில் மாட்டியிருந்தால் ஹாலோ என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் 1965 முதல் பல ஆண்டுகள் 335-இலேயே டிரப்பீஸ்தான் வந்தது. எடை ஓரளவு உதவும். கட்டை உள்ளது ஏறத்தாழ 3.5 கிலோவும் அதற்கு மேலும் இருக்க, கட்டை இல்லாதது மடியில் வைத்ததும் இலேசாகத் தெரியும். அதிலும் மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டு. வெளிச்சம் அடித்துப் பார்ப்பதே எனக்குத் தெரிந்தவரை எளிய சோதனை. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பிரிட்ஜின் அடியில் மட்டும் ஒரு துண்டுக் கட்டை வைத்த கிட்டார்களில் வெளிச்சத்தில் ஒரு பகுதி மறுபக்கம் கசியும்.

கடைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் கிட்டாரை மாற்றித் தந்தார் என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும். இந்த முறை பணம் கொடுப்பதற்கு முன்பே கைப்பேசி விளக்கோடு குனிந்தேன். வெளிச்சம் இரண்டு விரல் தூரம்கூடப் போகாமல் வெளிறிய மரச்சுவர் ஒன்றில் மோதி நின்றது. அதில் ரம்பத்தின் பல்தடமும், துடைக்காமல் விட்ட பசையின் ஒரு துளியும் தெரிந்தன. 22 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு பசைத்துளியைப் பார்த்து ஒருவன் மகிழ்ந்தான் என்றால் வாசகர்கள் சிரிக்கலாம். நான் மகிழ்ந்தது உண்மை.

உடலின் பலகை ஒட்டுப்பலகை என்று கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 335-இன் மேற்பலகையும் பின்பலகையும் தொடக்கத்திலிருந்தே ஒட்டுப்பலகைதான். தேவையற்ற அதிர்வை அடக்க அந்த விறைப்பு உதவுகிறது. இந்த அமைப்பில் வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய தொல்லை வேறு. பின்புறம் திறப்பதற்கு மூடி கிடையாது. என் கிட்டாரின் வால்யூம் திருகு கரகரத்தபோது, பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு திருகின் தண்டிலும் ஒரு நூலைக் கட்டி, உள்ளிருந்த வயரிங் முழுவதையும் ‘எஃப்’ துளையின் வழியே மெல்ல வெளியே எடுத்தார். வேலை முடிந்ததும் அதே நூல்களை இழுத்து ஒவ்வொன்றையும் அதனதன் ஓட்டைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். சாலிட் பாடியில் அரைமணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இதில் ஒரு பிற்பகல் பிடித்தது.

கட்டை இருந்தாலும் ஊளை அறவே ஒழிந்துவிடாது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்கின் பெயரோடு சேர்ந்த ‘லூசில்’ கிட்டாரைக் கிப்சன் 1980-இல் வெளியிட்டபோது, நடுக்கட்டை உள்ள அந்த அமைப்பிலும் ‘எஃப்’ துளைகளை அறவே அடைத்துவிட்டார்கள். ஆம்புக்கு நேர் எதிரே நின்று ஒலியை உச்சத்தில் வைத்தால் என் கிட்டாரும் முனகத்தான் செய்கிறது. ஆனால் அது எப்போது முனகும் என்று எனக்குத் தெரியும். இரண்டடி நகர்ந்தால் போதும்.

விற்பனையாளர்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. நிறத்துக்கும் மெருகுக்கும் நான்கு வரி ஒதுக்கும் விவர அட்டையில், நடுக்கட்டை முழுமையாக உள்ளதா, பாதியா, இல்லையா என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தங்கள் நாளிதழும் இக்கருவிகளைப் பற்றி எழுதும்போது இந்த மூன்று வகைகளையும் பிரித்துக் குறிப்பிட்டால், என்னைப்போல ஒத்திகை அறையில் நின்று விழிப்பவர்கள் குறைவார்கள்.

இக்கடிதத்தை எழுத வைத்த செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் தந்திகள் வாங்க அதே கடைக்குப் போயிருந்தேன். நான் திருப்பிக் கொடுத்த கிட்டார் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் அதே அட்டை, ‘செமி ஹாலோ’ என்ற அதே அச்செழுத்துகளோடு. சுட்டிக்காட்டினேன். “மாத்திடறோம் சார்” என்றார்கள். நான் படியிறங்கும் வரை யாரும் அந்த அட்டையைத் தொடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்