சித்தப்பாவுக்கு, அக்கி ஊசி பற்றி

அன்புள்ள சித்தப்பா,

அக்கி வராமல் தடுக்கும் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, வைக்கிறேன்" என்றுவிடுகிறீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும். நீங்கள் சொல்வதைத்தான் நம் தெருவில் பாதிப் பேர் சொல்கிறார்கள்.

"எனக்குப் பத்து வயதிலேயே அம்மை போட்டு, வேப்பிலையில் படுத்து, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாச்சு. இனி என்ன வரப்போகிறது?" என்றீர்கள். வில்லங்கமே அங்கேதான். உங்களுக்கு வந்த சின்னம்மை இறங்கினாலும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் ஏதோ ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு விலாவிலோ கண்ணோரத்திலோ அக்கியாகக் கிளம்புகிறது. உங்களுக்குச் சர்க்கரை வேறு.

சித்திக்கு வந்தபோது குயவரைக் கூட்டிவந்து காவி எழுதினோம். அந்தப் பெரியவரை நான் குறை சொல்லமாட்டேன். அக்கிக் கொப்புளம் சில வாரங்களில் தானாகவே காய்ந்துவிடும். நல்ல பெயர் காவிக்குப் போயிற்று. ஆனால் கிருமியை அடக்கும் மாத்திரை தொடங்கியிருக்க வேண்டிய முதல் மூன்று நாளும் அதிலேயே கழிந்துவிட்டன. எட்டு மாதமாகியும் ரவிக்கை உரசினாலே நெருப்புப் பட்டாற்போல் துடிக்கிறாரே, அதற்கு எதை எழுதுவது?

கொரோனா ஊசிக்குப் பிறகு எந்த ஊசி என்றாலும் உங்களுக்குச் சந்தேகம். கேட்பதில் தப்பில்லை. இந்த அக்கி ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது; கிருமியின் ஒரு புரதமும், எதிர்ப்பைத் தூண்டும் மருந்தும்தான். பெரிய சோதனையில், ஐம்பது தாண்டியவர்களுக்கு அக்கி வருவது 97 சதவீதம் குறைந்தது. எழுபது தாண்டியவர்களிடமும் 90-ஐ ஒட்டி. கை வலிக்கும், ஓரிரு நாள் காய்ச்சலும் அசதியும் வரலாம். அதை மறைக்கமாட்டேன்.

விலைதான் எனக்கும் உறுத்துகிறது. ஷிங்ரிக்ஸ் என்கிற இந்த ஊசி 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. ஒரு டோஸ் சுமார் 10,000 ரூபாய். இரண்டு போடணும், இடையில் 2 முதல் 6 மாதம். பிரிட்டனில் 65 வயதாகிறவர்களுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது. இங்கே நம் கைக்காசு. "பணக்காரன் ஊசி" என்று நீங்கள் முணுமுணுத்ததற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

முதல் டோஸுக்கு நான் கட்டுகிறேன், இரண்டாவது உங்கள் பென்ஷனில். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டால் சனி, ஞாயிறு படுத்துக் கிடக்கலாம். சித்தி டாக்டரிடம் உங்கள் பெயரை ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். உங்களிடம் இன்னும் சொல்லவில்லை என்றார்.