ரொமேரோ படம் மறுபடி பார்த்தேன்டா

டேய் செல்வா,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு உன் தங்கச்சி சொன்னா, கேட்டப்புறம்தான் நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவ பதினொண்ணாவது போயிட்டா, அவளை உட்கார வெச்சு போன ஞாயித்துக்கிழமை ராத்திரி டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோவோட நைட் ஆஃப் தி லிவிங் டெட் பார்த்தேன், ஹாஸ்டல்ல உன் ரூம்ல லைட்ட அணைச்சிட்டு பார்த்தோமே அதே படம்தான். ரெண்டு நாளா உனக்கு எழுதணும்னே இருந்துச்சு.

1968ல பிட்ஸ்பர்க்ல விளம்பரப் படம் எடுத்துட்டிருந்த கூட்டம், ஹாலிவுட் பக்கமே போகாம, தெரிஞ்சவங்ககிட்ட காசு சேர்த்து எடுத்த படம்டா அது, மொத்த செலவே சுமார் 1,14,000 டாலர், கருப்பு வெள்ளைங்கறதால ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். ஆனா அந்த சொரசொரப்புதான் பழைய நியூஸ் ரீல் மாதிரி ஆளை உள்ள இழுத்துடுது. ஜாம்பிங்கற வார்த்தை படத்துல ஒரு இடத்துலயும் வராது, கவனிச்சியா?

பொணங்க மெதுவாத்தான் நடந்து வருது, கொஞ்சம் சுதாரிச்சா தப்பிச்சிடலாம், ஆனா வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட ஏழு பேரும் கீழ நிலவறைக்குள்ள போய் பூட்டிக்கலாமா மேலயே இருக்கலாமான்னு அடிச்சிக்கிட்டே இருக்காங்க, எனக்கு வெளிய இருக்கறதுங்கள விட இவங்களப் பார்த்துதான் வயித்தக் கலக்குச்சு. ரொமேரோகிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதாண்டா.

அந்த கடைசி காட்சி இப்பவும் தாங்க முடியல. ராத்திரி பூரா உயிரக் கையில பிடிச்சிட்டு இருந்த பென், விடிஞ்சதும் ஜன்னல்கிட்ட வந்து பார்க்கறான், காப்பாத்த வந்தவங்களே பொணம்னு நெனச்சு சுட்டுடறாங்க, அப்புறம் அவனை கொக்கியால இழுத்துட்டுப் போய் நெருப்புல போடறத வெறும் ஸ்டில் போட்டோவா காட்டறார். பென்னா நடிச்ச டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர், அவர் நடிக்க வந்ததுக்காக ஸ்கிரிப்ட்ல அந்த பாத்திரத்தோட நிறத்தப் பத்தி ஒரு வரிகூட சேர்க்கல. முடிச்ச படத்த கார்ல வெச்சுட்டு நியூயார்க் போற வழியிலதான் மார்ட்டின் லூதர் கிங்க சுட்டுட்டாங்கன்னு ரேடியோல கேட்டோம்னு ரொமேரோவே சொல்லியிருக்கார். பாப்பா "அவ்வளவுதானாப்பா?"ன்னு கேட்டுட்டு பேசாம உட்கார்ந்திருந்தா.

படத்தோட பேர மாத்தினப்ப அதுல இருந்த காப்பிரைட் வரி விட்டுப்போச்சு, யார் வேணா போட்டுக்கலாம்னு ஆயிடுச்சு, நம்ம ஹாஸ்டல் வரைக்கும் வந்ததும் அதனாலதான், பாவம் அந்த மனுஷனுக்கு சேர வேண்டிய காசு சேரல.

ரொமேரோவோட இன்னொரு படம் மார்ட்டின், நீ பார்க்கலதானே? ஸ்டீல் மில்லு நொடிச்சுப்போன பிராடக்ங்கற ஊர்ல, கோரப்பல்லுக்கு பதிலா ஊசியும் பிளேடும் வெச்சிருக்கற ஒரு பையன். ரத்தக்காட்டேரின்னு நம்பி வீட்டுப் பெரியவர் வாசல்ல பூண்டு கட்டித் தொங்கவிடறார், அவன் அதையே கடிச்சுக் காட்டி மந்திரமெல்லாம் எதுவும் இல்லேங்கறான். அந்த முகத்துல இருக்கற சோகம் இருக்கே, பேய்ப்படத்துல அப்படி ஒரு முகத்த நான் வேற எங்கயும் பார்த்ததில்லடா.

2017ல ரொமேரோ போனப்ப மொதல்ல மெசேஜ் அனுப்பினது நீதான், ஞாபகம் இருக்கு. பொங்கலுக்கு வர்றப்ப ஒரு ராத்திரி எனக்குன்னு ஒதுக்கு, மார்ட்டின் சேர்ந்து பார்க்கணும். அம்மாவ வெயில்ல போகாம பார்த்துக்கோ.

உன்
ரவி