பதினைந்தாம் நம்பர் சட்டைக்கு யார் பதில் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. நிர்வாகிகளுக்கும், கல்லூரி அணிகளைக் குழு குழுவாகச் சேர்த்து அமெரிக்க ஃபுட்பால் நடத்தும் கான்ஃபரன்ஸ் கமிஷனர்களுக்கும்,

வணக்கம்.

2026 ஜனவரி 19 ராத்திரி இண்டியானா 27–21 என்று மயாமியை ஜெயித்துத் தேசியப் பட்டம் வாங்கியபோது, ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டு ஹாலில் யாரும் கைதட்டவில்லை. அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற ஃபெர்னாண்டோ மெண்டோசா, கோப்பையோடு நிற்கிறார். என் மகன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். நீலத் துணி, மஞ்சள் 15, முதுகில் அதே பெயர். ஆனால் அது பெர்க்லி சட்டை, மெண்டோசா இண்டியானாவுக்கு மாறுவதற்கு முன் எங்களுக்காக ஆடியபோது வாங்கியது. "அப்பா, இனிமே நாம இண்டியானாவா?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது என்பதால் இந்த மடல்.

பின்கதையை விளக்க வேண்டியதில்லை. வீரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் போர்ட்டலைத் திறந்துவிட்டவர்களே நீங்கள்தான். 2024 நவம்பர் 23 மட்டும் நினைவுபடுத்துகிறேன். வருடா வருடம் ஸ்டான்ஃபோர்டோடு நாங்கள் மோதும் பிக் கேம். பின்தங்கியிருந்தோம், பந்து எங்கள் பக்கத்து எல்லைக் கோட்டை ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்து மெண்டோசா அணியை 98 கஜம் நடத்திப் போய் டச்டவுன் போட்டார். 24–21. ஆட்டம் முடிந்து மைக் முன்னால் அந்த 98 கஜத்தைச் சொல்லிச் சொல்லி அவர் அழுதபோது, என் பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரும் மூக்கைச் சிந்தினார். மறுநாளே சட்டை வாங்கினோம். டிசம்பரில் அவர் பெயர் போர்ட்டலில். பெயர் அச்சடித்த சட்டையைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கேட்டதே என் தவறு.

அலமாரியில் அது மூன்றாவது சட்டை. மற்ற இரண்டுக்கும் உரியவர்களும் எங்கோ போய்விட்டார்கள். ஒன்றால் இப்போது கார் துடைக்கிறோம்.

மெண்டோசாவை நான் குறை சொல்லவில்லை. பெர்க்லியின் ஹாஸ் பிசினஸ் ஸ்கூலில் மூன்றே வருடத்தில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் போனார். போன இடத்தில் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினார். நான் புலம்பியபோது காரைக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா கேட்டார்: "சம்பளம் கூடக் கிடைக்குதுன்னு நீயே மூணு கம்பெனி மாறினவன்தானேடா?" உண்மைதான். ஆனால் நான் கம்பெனி மாறியபோது யாரும் என் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்கவில்லையே அம்மா.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. வளர்த்த கல்லூரிக்கு வளர்ப்புக் கூலி கொடுக்க விதி செய்யுங்கள். நான் கற்பனை செய்த விஷயமில்லை. உலக சாக்கரில் ஒரு வீரர் விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பழக்கிய கிளப்களுக்குப் பிரிந்து போகிறது. அங்கே ஒரு சின்ன ஊர் கிளப்கூட அந்தக் காசில் மைதானத்துக்கு விளக்கு போட்டுக்கொள்ளலாம். வீரரின் பணத்தில் ஒரு டாலரும் பிடிக்க வேண்டாம், அவர்கள் வாங்கட்டும், இவ்வளவு காலம் வாங்காததே அநியாயம். கூட்டிப்போகிற கல்லூரி தனியாக எடுத்து வைக்கட்டும்.

ஆள் பிடிக்கும் படலம் இருக்கிறதே, அது பெண் பார்ப்பதைவிட மோசம். பதினேழு வயதுப் பையன் மேஜையில் நாலு கல்லூரிகளின் தொப்பியை வரிசையாக வைத்து, ஒன்றைத் தொட்டு, கையை இழுத்து, இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொள்கிறான். ஊரே கைதட்டுகிறது. அதற்கு முன் வாயால் கொடுத்த வாக்கு? தாம்பூலம் மாற்றாத பேச்சு, கணக்கில் வராது. ஹவாய் குவார்ட்டர்பேக் ஒருவர் எங்களுக்கு வாக்குக் கொடுத்தார், கையெழுத்து நாளில் ஓரிகனுக்குப் போனார், சில வாரத்தில் எங்களிடமே திரும்பி வந்தார். நாங்கள் வெட்கமில்லாமல் ஆரத்தி எடுத்தோம். மெண்டோசாவே முதலில் யேலுக்கு வாக்குக் கொடுத்தவர்தான். விதி வந்தால் யேலுக்கும் நாங்கள் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கிறோம்.

கூலி கேட்பது பேராசை என்று தோன்றினால் எங்கள் நிலவரத்தைப் பாருங்கள். 1915இல் கூடித் தொடங்கிய பசிபிக் கரைக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸ் குடும்பத்தை டிவிப் பணத்துக்காக உடைத்தீர்கள். யார் யாரோ கிழக்கே ஓட, நடுத்தெருவில் நின்ற நாங்கள் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் போய் ஒண்டினோம். பெர்க்லி ஸ்டேடியத்தின் உச்சிப் படியில் ஏறினால் பசிபிக் பக்கம் சூரியன் இறங்குவது தெரியும். அட்லாண்டிக் எந்தத் திசையில் என்று பையன் கேட்டான், ஃப்ளோரிடாவின் டாலஹாஸி வரை போய்க் காட்டினேன். அங்கே 14–9 தோல்வி. அந்தக் கான்ஃபரன்ஸில் முதல் நான்கு தோல்வியும் சேர்த்து ஒன்பதே புள்ளி வித்தியாசம். அதில் ஒன்று 35–10 என்று முன்னிலையில் இருந்து 39–38 என்று மயாமியிடம் தோற்றது. ஜனவரியில் மெண்டோசா அதே மயாமியை ஜெயித்தார், இண்டியானாவுக்காக. முதல் ஏழு வருடம் டிவிப் பணத்தில் எங்களுக்கு 30 சதவீதப் பங்கு. ஒரு கல்லூரி தன் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்போ 2025–26இல் எல்லோருக்கும் ஒரே 20.5 மில்லியன் டாலர். சம வாய்ப்பு! பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு இலை, எங்கள் இலையில் மட்டும் ஊறுகாய்.

மன்னிக்கவும், கூலி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டான்ஃபோர்டும் நாங்களும் பங்காளிகள். 1899இல் அவர்களுடைய கோடரியைத் திருடி, கைப்பிடியை அறுத்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் படகேற்றி வந்தோம். 1930இல் 21 பேர் வந்து அதைத் திருப்பித் தூக்கிப் போனார்கள். 1982இல் கடைசி நாலு செகண்டில் பந்தை ஐந்து முறை கைமாற்றி, மைதானத்துக்குள் புகுந்துவிட்ட அவர்கள் பேண்ட் வாத்தியக்காரர்களுக்கு நடுவே ஓடி, டிராம்போன்காரரை இடித்துத் தள்ளி 25–20 என்று ஜெயித்தோம். அவர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பிக் கேமில் ஜெயித்தவர் கையில்தான் கோடரி இருக்கும். அது அவர்கள் கைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பதித்த பலகையில் அந்த ஸ்கோரைத் தாங்கள் ஜெயித்ததாக 20–19 என்று மாற்றிவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் நாங்கள் 25–20 ஆக்குகிறோம். 2025இல் 31–10 என்று அடித்துப் பிடுங்கிப் போனார்கள், ஆகவே இப்போது 20–19.

இந்த அற்பத்தனத்துக்கு ஞாபகம் வேண்டும், ஐயா. போன வருடம் அடிபட்டவன் இந்த வருடம் அங்கேயே நின்றால்தான் பகை தலைக்கேறும். வருடா வருடம் புதிதாக வாடகைக்கு வருகிறவருக்கு அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன?

தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் வளர்ப்புக் கூலியை ஒரு பொருளாகச் சேருங்கள். கூலி கொடுக்க வேண்டும் என்றால் பெரிய வீட்டுக்காரர்கள் ஆளைத் தூக்குமுன் ஒரு நிமிடம் யோசிப்பார்கள், தூக்கினாலும் அந்தக் காசில் நாங்கள் இன்னொரு பையனை வளர்த்துக்கொள்வோம்.

அடுத்த சீசனுக்கு எந்தச் சட்டை என்று மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பெயர் போடாமல் வாங்கலாம் என்றிருக்கிறேன். எண்ணும் வேண்டாம் என்கிறாள் மனைவி.

இப்படிக்கு,
பெர்க்லி ரசிகன் ஒருவன்
ஃப்ரீமான்ட், கலிபோர்னியா