பாலைவனத்து ஒன்பது பேரைப் பற்றிக் காணொளி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக வரலாற்றைத் தமிழில் காணொளிகளாகச் சொல்லிவரும் நண்பர்களுக்கு வணக்கம்.

1984 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்திலிருந்து கிவிர்குரா என்ற சிற்றூருக்கு வந்துசேர்ந்த ஒன்பது பேரைப் பற்றி நீங்கள் அடிக்கடி பேசுகிறீர்கள். 'கற்காலத்திலிருந்து நேராக வந்தவர்கள்', 'உலகமே அறியாத கடைசிக் காட்டுவாசிகள்' என்று தலைப்பு வைக்கிறீர்கள். முகப்பில் வேறு ஏதோ ஒரு கண்டத்தில் எடுத்த யாரோ ஒருவருடைய முகம் இருக்கிறது. நான் மெல்பர்னில் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் இவற்றைப் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், அவங்க நிஜமாவே மனுசங்களையே பார்த்ததில்லையா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன். அந்த ஒன்பது பேரும் ஒரே குடும்பம். அவர்கள் கதையைக் குடும்பக் கதையாகச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அவர்கள் ஆஸ்திரேலியத் தொல்குடிகளில் ஒன்றான பின்டுபி இனத்தவர். இரண்டு தாய்மார், நான்கு அண்ணன் தம்பிகள், மூன்று அக்கா தங்கைகள். தாய்மார் இருவரும் உடன்பிறந்தவர்கள், ஒரே மனிதரை மணந்தவர்கள். சில காணொளிகள் இந்த இடத்தில் ஒரு கேலிச் சிரிப்போடு நிற்கின்றன. பின்டுபி உறவுமுறையில் அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான், அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பாதான். பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பதின்வயதுப் பிள்ளைகள் ஏழு பேரை, தண்ணீர் எங்கே ஊறும் என்று தெரிந்தால் மட்டுமே பிழைக்க முடிகிற நிலத்தில், முப்பதுகளின் முடிவில் இருந்த இரண்டு பெண்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மேற்கு ஆஸ்திரேலியாவும் நார்தர்ன் டெரிடரியும் தொடும் எல்லையில் மக்கை என்றொரு பெரிய உப்பு ஏரி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள நீர்க்குழிகளுக்கு இடையே மாறி மாறி நடந்துதான் இவர்கள் வாழ்ந்தார்கள். உடும்பும் முயலும் முக்கியமான உணவு. அதோடு அந்த மண்ணில் விளையும் விதைகள், பழங்கள். இடுப்பில் தலைமுடியைத் திரித்துச் செய்த கயிறு, கையில் இரண்டு மீட்டர் நீள ஈட்டி. ஆகாய விமானம் மேலே போனால் மரத்தில் ஒளிந்துகொண்டதைப் பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு வந்தபின் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். எல்லோரும் மிக நல்ல உடல்நலத்தோடு இருந்தார்கள். உங்கள் காணொளிகளில் வருகிற 'பசியில் வாடிய கூட்டம்' எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

இவர்கள் ஏன் தனியாக இருந்தார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதுதான் கதையின் மையம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, தெற்கு ஆஸ்திரேலியாவில் வூமெரா என்ற இடத்தில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஏவுகணைத் தளம் அமைத்தன. 1960களில் அங்கிருந்து ஏவிய ப்ளூ ஸ்ட்ரீக் ஏவுகணைகளின் பாதை இந்த மேற்குப் பாலைவனத்துக்கு மேலாகப் போனது. விழுகிற இடம் 'காலி நிலம்' என்று வரைபடத்தில் இருந்தது. ஆனால் அங்கே மக்கள் இருந்தார்கள். சாலைகள் போடப்பட்டன, ரோந்து அதிகாரிகள் வந்தார்கள். பின்டுபி மக்கள் வண்டிகளில் ஏற்றப்பட்டு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கமிருந்த பாபுன்யா போன்ற அரசுக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வறட்சி தாங்காமலும், முன்னால் போன உறவினரைத் தேடியும் தாமாகப் போனவர்களும் உண்டு. போன இடத்தில் நோய் வந்து பலர் இறந்தார்கள். இப்படி ஊரே காலியானபோது ஏரிப் பக்கம் தங்கிவிட்டது இந்த ஒரு குடும்பம். சுமார் இருபது வருடம் அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. அந்தத் தனிமையை அவர்கள் தேடிப் போகவில்லை. அவர்களைச் சுற்றியிருந்தவர்களை அப்புறப்படுத்தியதால் வந்தது அது.

அடுத்து நடந்ததை நீங்கள் 'கண்டுபிடிப்பு' என்கிறீர்கள். அப்போதைய ஆஸ்திரேலிய நாளிதழ்களும் 'தொலைந்த பழங்குடி' என்றுதான் எழுதின. நடந்தது வேறு. பாபுன்யாவில் இருப்புக் கொள்ளாத பின்டுபி மக்கள் 1980களின் தொடக்கத்தில் தங்கள் சொந்த நிலத்தை நோக்கி மேற்கே திரும்ப ஆரம்பித்தார்கள். முதலில் கின்டோர், பிறகு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டரில் கிவிர்குரா. ஆட்கள் திரும்பி வந்தால் நெருப்பு எரியும், நெருப்பு எரிந்தால் புகை தெரியும். இதற்கிடையில் ஏரிப் பக்கத்தில் குடும்பத் தலைவர் இறந்துபோயிருந்தார். தாய்மாரும் பிள்ளைகளும் தெற்கே தெரிந்த புகையைப் பார்த்து, அங்கே நம் ஆட்கள் இருக்கக்கூடும் என்று நடந்தார்கள்.

வழியில் கிவிர்குராக்காரர் ஒருவரைச் சந்தித்தபோது இரு தரப்பும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதில், குடும்பம் பயந்து மறுபடி வடக்கே ஓடிவிட்டது. அவர் ஊருக்குப் போய்ச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் யோசித்துப் பார்த்து, அன்று விட்டுவந்த நம் சொந்தக்காரர்கள்தான் இவர்கள் என்று ஊகித்துவிட்டார்கள். வண்டியெடுத்துக்கொண்டு போய், மணலில் காலடித் தடம் பார்த்துப் பின்தொடர்ந்து, கடைசியில் பிடித்துவிட்டார்கள். அங்கே நின்று முதலில் பேசியது உறவுமுறையைத்தான். யார் யாருக்கு என்ன முறை என்று தெளிந்த பிறகே மற்றதெல்லாம். சாப்பாடு நிறைய இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்லி ஊருக்கு அழைத்தார்கள். குழாயில் தண்ணீரா என்று அவர்கள் அசந்துபோனார்கள். சர்க்கரையை முதன்முதலாக வாயில் போட்டபோது, தங்களுக்குத் தெரிந்த ஒரு பூவின் இனிப்பு நினைவுக்கு வந்ததாம்.

தேடிப் போனது மாமன் மச்சான், சித்தப்பன் பெரியப்பன் முறையுள்ளவர்கள். விஞ்ஞானிகள் இல்லை, அரசாங்கம் இல்லை. இருபது வருடம் பிரிந்த சொந்தம் சேர்ந்த கதைக்கு முரசொலியும் எரியும் பந்தமும் எதற்கு?

குமரிக்கண்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளரியும் பூமராங்கும் ஒன்றுபோல இருக்கின்றன, உறவுமுறை ஒத்துப்போகிறது, ஆகவே இவர்கள் கடலில் மூழ்கிய தமிழ் நிலத்தின் மிச்சம் என்று பல காணொளிகள் முடிகின்றன. உறவுமுறை ஒற்றுமையை மானுடவியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். அது சுவையான விஷயம்தான். ஆனால் அதை வைத்து வம்சாவளி எழுத முடியாது. ஆஸ்திரேலியத் தொல்குடிகள் அந்த மண்ணில் 50,000 ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவர்கள். அவர்கள் நிலத்தை 'ஆளில்லா நிலம்' என்று சொல்லித்தான் வெள்ளையர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர்கள் முன்னோரையும் நாம் எடுத்துக்கொள்ளலாமா? நம் மொழியை நேசிக்கிறவளாகவே கேட்கிறேன்.

உங்கள் காணொளிகள் 1984-லேயே நின்றுவிடுகின்றன. வந்த சில வருடங்களிலேயே சகோதரர்களில் ஒருவரான வர்லிம்பிர்ங்கா ஜபல்ஜாரி வண்ணம் தொட்டுத் தன் நிலத்தை வரைய ஆரம்பித்தார். தம்பிகளும் வரைந்தார்கள், சகோதரிகளும் வரைந்தார்கள். 2012-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. குடும்பத்தின் இளைய பெண்களில் ஒருவரான யுகுல்ஜி நபங்காதி 2018-இல் நிலக்காட்சி ஓவியத்துக்கான வின் பரிசைப் பெற்றார். அந்தப் படங்களைத் திரையில் பெரிதாகப் பாருங்கள். பக்கம்பக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள், கொஞ்ச நேரம் பார்த்தால் மணல்மேடுபோல அசைய ஆரம்பிக்கும். நடந்து நடந்து கால் அறிந்த நிலம் அது. 2001-இல் கிவிர்குரா மக்களின் நில உரிமையும் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது. இதெல்லாம் சொல்லத் தகுந்த கதை இல்லையா?

சகோதரர்களில் ஒருவர் 1986-இல் மறுபடி பாலைவனத்துக்கே போய்விட்டார். அவரை மர்மமாக்கி, 'இப்போது எங்கே?' என்று துப்பறிய வேண்டாம். அவருக்கு உறவினர் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

கடைசியாகச் செய்முறைக் கோரிக்கை. தொல்குடிச் சமூகங்கள் பலவற்றில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் உறவினரை வருத்தும். அதனால்தான் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் முன்னதாக ஓர் அறிவிப்புப் போடுகிறார்கள். நீங்களும் போடுங்கள். தாய்மாரின் பெயரை நான் இந்த மடலில் எழுதாததற்கும் அதுதான் காரணம். ஏற்கெனவே வெளியிட்ட காணொளிகளின் முகப்புப் படத்தையும் தலைப்பையும் மாற்ற ஐந்து நிமிடம் போதும், பொய்ப்படங்களை எடுத்துவிடுங்கள். ஓவியத்தைக் காட்டினால் அனுமதி வாங்கி, கீழே ஓவியரின் பெயரை முழுதாகத் தமிழில் எழுதுங்கள்.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து ஒரு தமிழாசிரியை