எம்.டி. நைன்ரியை விற்கச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய காசு வந்து சேர்ந்தது. அம்மா அதை அன்றைக்கே வங்கியில் போட்டுவிட்டா. புது ஸ்கூட்டி வாங்கத்தான் அனுப்பினாய் என்பதை நாங்கள் மறக்கவில்லை. "அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் எம்.டி. நைன்ரியை ஆருக்காவது குடுத்திட்டு நல்லதாய் ஒண்டு எடுங்கோ அப்பா" என்று நீ சொன்ன நேரம் வீட்டில் சனம் நிறைய, கதைக்க வசதிப்படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வேலை நாளில் வாசிக்காதே, ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக வாசி.

பழசின் மேல் உள்ள ஆசையில் வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறாய். ஆசை கொஞ்சம் இருக்கிறதுதான், இல்லை என்றால் அம்மா சிரிப்பா. ஆனால் வருகிற முறை விடியக்காலையில் சுன்னாகம் சந்தைப் பக்கம் போய்ப் பார். எம்.டி. நைன்ரி, சி நைன்ரி, சி.டி. 125 என்று உன் வயதைவிட மூத்தவை எல்லாம் வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும். அந்தத் தோட்டக்காரர்கள் பழம்பொருள் சேர்க்கிறவர்களா? சதத்துக்குச் சதம் கணக்குப் பார்க்கிற ஆட்கள். மாற்றினால் லாபம் என்றால் எப்போதோ மாற்றியிருப்பார்கள். பழுதானால் தங்கள் கையாலேயே, இல்லாவிட்டால் ஊருக்குள்ளேயே, அன்றைக்கே சரிப்படுத்தலாம் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. என்னுடையதும் அதுதான்.

எம்.டி. நைன்ரி, ஜப்பானில் தபால்காரருக்கென்றே ஹொண்டா செய்தது. இங்கே வந்தவற்றில் பெரும்பாலானவை அங்கே கடிதம் காவி முடித்த பிறகு வந்தவை. அந்தச் சிவப்பு நிறமும் தபால் சிவப்புத்தான். அதன் தாய் மொடல் 1958இல் வெளிவந்த சுப்பர் கப். அதற்குக் கையில் கிளச் வைக்காததற்குச் சொல்லும் காரணம் எனக்கு நல்ல விருப்பம். சோபா நூடில்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப் பெடியன் ஒரு கையில் சாப்பாட்டை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேணும் என்று சொய்சிரோ ஹொண்டா நினைத்தாராம். எஞ்சின் வேகம் கூடக் கிளச் தானாகப் பிடிக்கும், கியர் மாற்றக் காலை மிதித்தால் தானாக விடும். எங்கள் ஊரில் நூடில்ஸ் இல்லை, மற்றபடி ஒரு கையில் எதையாவது பிடித்துக்கொண்டு ஓட்டாத மனிதர் ஆர் இருக்கிறார்? செயினை முழுக்க மூடிப் பெட்டி போட்டிருக்கிறார்கள். காரைநகர்ப் பாலத்தால் போய் வருகிறவனுக்கு அதன் அருமை தெரியும், உப்புக்காற்றில் திறந்த செயின் எந்தக் கதிக்கு வரும் என்று நீயே கண்டிருக்கிறாய். 2017இல் சுப்பர் கப் வகை மொத்தம் 10 கோடியைத் தாண்டியது. அவ்வளவு செய்த ஒன்றுக்கு எங்கேயாவது சாமான் கிடைக்காமல் போகாது.

சரி, இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற விசயம். இங்கே சனம் அதைக் கைவிடாததற்கு வேறொரு கதை இருக்கிறது.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டியபோது பெற்றோல் வரவு தடைப்பட்டுவிட்டது. கள்ளமாக வந்ததை வாங்க நகை அடகு வைக்கவேணும் போல இருந்தது. தோட்டத்து இறைப்பு மெசின் அதற்கு முதலே பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடுவதுதான். அதைப் பார்த்துப் பழகிய ஊர், மோட்டார் சைக்கிளையும் அப்படியே ஓட்டத் தொடங்கியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, சூடேறினால்தான் எரியும். அதனால் சின்னச் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் எப்போதும் சேட் பொக்கற்றில் இருக்கும். அதைக் காபரேற்றருக்குள், அதுதான் எண்ணெயையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற பாகத்துக்குள், பீச்சி, உதைத்து, சூடு வரும்வரை அக்ஸிலேற்றரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவேணும். பிறகு சந்தியில் ஆரோடாவது கதைத்தாலும் எஞ்சினை நிற்பாட்டமாட்டோம். ஆறிவிட்டால் இன்னொரு தரம் பெற்றோல் வேணும், அதற்கு எங்கே போவது? வீதி முழுக்க வெள்ளைப் புகை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் சேட்டில் மண்ணெண்ணெய் மணந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவா.

அப்படி ஓட்டினால் எஞ்சின் சும்மா விடுமா? பிளக்கில் கரி பிடிக்கும். ஹெட்டைக் கழற்றிப் பிஸ்ரன் தலையில் படிந்ததைச் சுரண்டவேணும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதையும் அடிக்கடி பார்க்கவேணும். வேறு வழியில்லாமல் வாத்தியார், விதானையார், மரக்கறி யாவாரி எல்லாரும் பிளக் கழற்றப் பழகினார்கள். காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்ட எனக்குக் கராச் தேவையில்லாமல் போனது அந்தக் காலத்தில்தான். அந்த அடியை எல்லாம் வாங்கிக்கொண்டும் ஹொண்டா எஞ்சின் ஓடியது. ஒரு ஊரே சேர்ந்து பல வருசம் ஒரு எஞ்சினைச் சோதித்துப் பார்த்தது என்று வைத்துக்கொள்ளேன். கம்பனி விளம்பரத்தை நம்பி வாங்குகிறவனும் இப்படிக் கண்ணால் கண்டு நம்புகிறவனும் ஒன்றா?

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது எம்.டி. நைன்ரியை ஓட்ட இடமில்லை, உருட்டித்தான் கொண்டுபோனேன். கரியரில் அரிசி, சீற்றில் அப்பம்மா. அதைப்பற்றி இந்தக் கடிதத்தில் எழுத வெளிக்கிட்டால் முடியாது.

சண்டைக் காலத்துக் கதை, இப்போது எதற்கு என்று நீ கேட்பாய். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, மோட்டார் சைக்கிள் திரும்ப வர 2025 ஆகிவிட்டது. 2022இல் தட்டுப்பாடு வந்து, பெற்றோலுக்குக் கியூ.ஆர். பங்கீட்டு முறை போட்டு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். இந்த 90 சீ.சீ. எஞ்சினுக்கு அது தாராளம், கொஞ்சத்தை அயலுக்கும் கொடுத்தேன். பாதை பூட்டுவதும் சாமான் நிற்பதும் எங்களுக்கு ஏதோ ஒரு ரூபத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நேரத்தில் ஆரையும் பார்த்துக்கொண்டிராமல் ஓடக்கூடியதை ஏன் விடவேணும்?

போன மாரியில் சித்தப்பாவின் ஸ்கூட்டி மழைக்குள் நின்றுவிட்டது. காபரேற்றர் இல்லாமல் கணினி பெற்றோலை அளந்து விடுகிற இஞ்செக்சன் மொடல். மீற்றரில் ஒரு மஞ்சள் லைற் எரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. கொண்டுபோய்க் கணினி பூட்டிப் பார்த்தார்கள், சென்சர் கொழும்பில் இருந்து வரவேணும் என்றார்கள். வரும்வரை அவர் வேலைக்குப் போனது என் பின்சீற்றில். அவருக்குக் கோபம், எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனாலும் குறையை மறைத்து எழுதினால் நீ நம்பமாட்டாய். ட்ரம் பிரேக், நனைந்தால் பிடிக்க யோசிக்கும். முன் லைற் மங்கல், இரவில் மாடு படுத்திருந்தால் கிட்டப் போனபிறகுதான் தெரியும். இப்போதைய வீதியில் பஸ்காரர் போகும் வேகத்துக்கு இது ஈடுகொடுக்காது. பழைய மோட்டார் சைக்கிள்கள் பலதுக்குப் பதிவுப் புத்தகம் ஒருவர் பெயரில், ஓடுகிறவர் இன்னொருவர். கியூ.ஆர். வந்த நேரம் அவர்கள் பட்ட பாடு தெரியும். நிறம் அடித்து, சைலன்சரை வெட்டிச் சத்தம் போட வைத்து, கண்டபாட்டுக்கு விலை சொல்கிற பெடியளும் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதே.

எனக்கு உள்ள பயம் வேறு. சாமான் தாய்லாந்தில் இருந்தோ சீனாவில் இருந்தோ வந்துவிடுகிறது. சத்தத்தை வைத்தே, வால்வைத் தள்ளுகிற டப்பெற் இளகிவிட்டது என்று சொல்கிற மெக்கானிக்தான் குறைந்துகொண்டு வருகிறார். நான் விடுகிற கராச்காரருக்கு என்னைவிட வயது கூட. அவரிடம் வேலை பழகிய பெடியள் பிரான்சிலும் லண்டனிலும் நிற்கிறார்கள். இப்போது இருக்கிற ஒருவனுக்கும் விசா அலுவல் நடக்கிறது.

இனி உன் காசு. தங்கச்சி ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய் இருட்டித்தான் வருகிறாள். அவளுக்கு டிஸ்க் பிரேக்கும் நல்ல லைற்றும் உள்ள புது ஸ்கூட்டி கட்டாயம் வேணும், அதில் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். உனக்குச் சம்மதம் என்றால் அந்தக் காசை அதற்கு எடுக்கிறோம், அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. நிறத்தை அவளே தெரிவுசெய்யட்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது சொக்லேற் காவிக்கொண்டு வராதே, இங்கே கடைகளில் எல்லாம் இருக்கிறது. காபரேற்றர் கிற் ஒன்று வேணும். இங்கே கிடைப்பதில் ரப்பர் வளையம் கொஞ்ச நாளில் ஊதிப்போகிறது. ஜப்பானில் செய்ததாய்ப் பார். படமும் நம்பரும் வட்சப்பில் தங்கச்சி அனுப்புவாள். விலை கூட என்றால் விடு, இன்னும் ஒரு வருசம் இதோடு சமாளிப்பேன்.

அன்புடன்,
அப்பா