கரும்புப் புகையும் மேகத்துப் பனிக்கட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில், வெட்டுக்கு முன் கரும்பு வயலை எரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மூச்சுத் திணறல், பிள்ளைகளுக்கு இருமல் என்று எழுதியிருந்ததெல்லாம் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், புகை மேலே போய் மேகத்தில் பனிக்கட்டி உருவாக விதையாகிறது, அதனால் மழை கூடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிதான் உறுத்துகிறது. நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் கரும்புக்கு நடுவில் வளர்ந்தவன். ஏப்ரலில் வெட்டு தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் கொடியில் காயும் துணியில் கரி விழும், புகை கிளம்பியதுமே எங்கள் ஆயா துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார். இந்தக் கரி மழையாகத் திரும்பி வரும் என்று அவரும் சொல்வார். அவர் சொன்னால் அது நம்பிக்கை, பத்திரிகையில் வந்தால் அறிவியல் என்று ஆகிவிடுகிறது.

மேகத்து நீர்த்துளி சைபர் டிகிரி வந்ததும் உறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. துகள் எதுவும் கலக்காத சிறு துளி மைனஸ் 38 டிகிரி வரைக்கும்கூட நீராகவே இருக்கும். அதற்கு முன்னால் உறைய வேண்டுமென்றால் விதையாக ஒரு துகள் வேண்டும், அதுவும் நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டிபோல வரிசைகட்டி ஒட்டிக்கொள்ள இடம்கொடுக்கிற துகளாக இருக்க வேண்டும். மண்தூசியில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மைனஸ் 15 டிகிரிக்குப் பக்கத்திலேயே இந்த வேலையைச் செய்கிறது, இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியா இன்னும் முன்னாலேயே, சைபருக்குக் கீழே சில டிகிரியிலேயே. ஆனால் புகைக்குக் கறுப்பு நிறம் தரும் நுண்கரி இதற்கு அவ்வளவாக உதவாது.

அதற்காகப் புகையே உதவாது என்று நான் சொல்லவில்லை. புகையில் கரி மட்டுமா இருக்கிறது? உயரமான புல் வகைகளை ஆய்வகத்தில் எரித்துப் பார்த்தபோது, தீயின் சூட்டிலேயே கனிமத் துகள்கள் உருவாகி அவை பனிக்கட்டிக்கு விதையாவதைக் கண்டிருக்கிறார்கள். கரும்பும் புல் இனம்தான், அதன் சாம்பலில் சிலிக்கா நிறைய. அப்புறம், தீ கிளப்பும் சூடான காற்றோடு மண்தூசியும் எரியாத இலைத்துணுக்கும் மேலே ஏறும். ஆக எது எரிந்தது, எப்படி எரிந்தது என்பதைப் பொறுத்து விதைகள் கூடும், குறையும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. புகைத்துகள் ஒவ்வொன்றையும் சுற்றி நீர் படிவதால் மேகத்தில் துளிகள் ஏராளமாகி, எல்லாமே பொடிப்பொடியாகிவிடுகின்றன. பொடித்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மழைத்துளியாவது கஷ்டம். அமேசான் காட்டுத்தீயின்போது எடுத்த அளவுகள் 2004இல் வெளியாயின: சுத்தமான மேகத்தில் அடியிலிருந்து 1.5 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும் மழை, புகை கலந்த மேகத்தில் 5 கிலோமீட்டருக்கு மேல் போன பிறகே தொடங்கியது. நம் நாட்டிலேயே இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. இங்கோட்வானா காகித ஆலையின் புகை பட்ட மேகங்களில் பெரிய துளிகள் உருவாவதை மேக ஆய்வாளர் கிரேம் மேதர் கவனித்தார், அந்தப் புகையில் ஈரம் இழுக்கும் பெரிய துகள்கள் இருந்தன. பிறகு இங்கே செய்த மேக விதைப்புக்கு, அதாவது மழைக்காக மேகத்தில் துகள் தூவுவதற்கு, அதுதான் வழிகாட்டியது.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் எரிக்கும்போது நம் கரையோரத்தில் பனிக்கட்டி உண்டாகும் அளவுக்கு உயரமான மேகம் அபூர்வம். அக்டோபர், நவம்பரில்தான் இடிமழை மேகமும் கரும்புப் புகையும் சந்திக்கின்றன.

அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டர்பனில் பல்கலைக்கழகம் இருக்கிறது. எரிக்கும் வயலுக்கு மேலே வடிதாளில் புகையைப் பிடித்து, அதை நீரில் கழுவி, அந்த நீரைச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் வைத்துக் குளிரவைத்தால் எந்தச் சொட்டு எந்த டிகிரியில் உறைகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் நிருபர் போய்க் கேட்கட்டும், இந்த அக்டோபரில் யாராவது செய்ய முன்வந்தால் வயல்காரர்களிடம் பேசி அனுமதி வாங்கித் தர நான் தயார்.

அன்புடன்,
டோங்காட் வாசகர் ஒருவர்