கடையில் புது மெஷின்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்குப் பிறகு எங்கள் செருப்புக் கடைக்கு வந்தவர்கள் இரண்டு புதுப் பொருட்களைப் பார்த்திருப்பீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் கால் ஸ்கேனர். பின்கட்டில், முன்பு மேஸ்திரி உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், கம்ப்யூட்டர் சொல்படி வெட்டுகிற மெஷின். பார்த்தவர்களில் பாதிப் பேர் "ஆளைக் குறைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறீர்கள். மீதிப் பேர் "அப்போ விலையும் குறையணுமே?" என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் போடுகிற தானியங்கியின் மேல் சிலருக்குக் கோபமும் இருக்கிறது. கல்லாவில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் ஆள் விஷயம். யாரையும் நிறுத்தவில்லை. மேஸ்திரி இப்போது அளவு மேசைக்கு வந்துவிட்டார். தையல் அக்காக்கள் இருவரும் அதே இடத்தில் அதே மெஷினில் தைக்கிறார்கள். சொல்யூஷன் போட்டு ஒட்டுகிற தம்பியும் இருக்கிறான். ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். மீதியைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அந்த மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பல சந்தேகங்கள் தீரும். முழுத் தோலை அதன் மேடையில் விரித்துப் போட்டால் மேலே உள்ள கேமரா படம் பிடிக்கும். எந்த வார் எந்த மூலையில் வந்தால் துண்டு மிச்சமாகாது என்று அதுவே கணக்குப் போட்டு அடுக்கிக்கொண்டு கத்தியை ஓட்டும். இந்த அடுக்கும் வேலையில் மனிதனால் அதோடு போட்டி போட முடியாது. மேஸ்திரியே ஒத்துக்கொள்கிறார். எங்களிடம் இருப்பது ஒரு ஷூ கம்பெனி புது மாடல் வாங்கியபோது விற்ற பழைய மெஷின். அதுவே இப்படி.

இருந்தாலும் தோல் என்பது அச்சில் வார்த்த பொருள் கிடையாது. முள்வேலியில் உரசிய கோடு, உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். முதுகுப் பக்கத் தோல் கெட்டியாக நிற்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் வரும். இழுபடுகிற இடத்தில் வார் வெட்டினால் இரண்டே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். ஆகவே தோலைத் தடவிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, வேண்டாத இடங்களை வெள்ளைப் பேனாவால் வட்டம் போட்ட பிறகுதான் எங்கள் கடையில் மெஷின் ஓடும். இதையும் பார்த்துச் சொல்லும் கேமராக்கள் பெரிய தொழிற்சாலைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. நாளைக்கு எங்கள் விலைக்கும் வரலாம். வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

செருப்புத் தொழிலுக்கு இந்தப் பயம் புதிதல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் என்ற ஊர் ஒரு காலத்தில் ஷூ தொழிலில் அந்த நாட்டுக்கு ஆம்பூர் மாதிரி. அங்கே ஷூவின் மேல்தோலைக் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்து அடித்தோலோடு சேர்க்கிற வேலையைக் கையால்தான் செய்ய முடியும் என்று நம்பினார்கள். கைதேர்ந்த தொழிலாளி ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடி முடிப்பார். தென் அமெரிக்காவின் சுரினாமிலிருந்து வந்து அங்கே ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த யான் மாட்ஸெலிகர் என்ற கறுப்பின இளைஞர், 1883இல் அதற்கும் ஒரு மெஷின் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். ஒரு நாளைக்கு 150 ஜோடி முதல் 700 ஜோடி வரை. ஷூ விலை இறங்கியது. ஏழைகளும் தோல் ஷூ வாங்கினார்கள். கையால் இழுத்துக் கட்டியவர்களுடைய மதிப்பும் அதோடு இறங்கியது. இரண்டுமே நடந்தன. ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை.

நேர்மாறான கதையும் உண்டு. அடிடாஸ் கம்பெனி ஜெர்மனியின் ஆன்ஸ்பாக் நகரிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோக்களை வைத்து ஷூ செய்கிற தொழிற்சாலைகளைத் திறந்தது. இனி ஆசியாவில் ஆளை வைத்துத் தைக்க வேண்டியதில்லை என்று உலகம் முழுக்கப் பேச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற பெண்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பேச்சு இங்கே எப்படி வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று பாருங்கள். 2019 நவம்பரில் அந்த இரண்டையும் மூடப்போவதாக அடிடாஸே அறிவித்தது. அங்கே பழகிய தொழில்நுட்பத்தில் ஒரு பகுதியை ஆசியாவில் தனக்குச் செய்துகொடுக்கும் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிவிட்டது. கெட்டியான இரும்பைப் பிடித்துத் திருப்புவது ரோபோவுக்குச் சுலபம். துவண்டு விழுகிற தோலையும் துணியையும் சுருக்கம் விழாமல் தைப்பது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எங்கள் தையல் அக்காக்கள் இன்றைக்கும் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம் அதுதான், என் நல்ல மனசு அல்ல.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பெரும்பாலோர் எங்களிடம் வாங்குவது எம்சிஆர் செருப்பு, அதாவது மரத்துப்போன காலுக்கான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு. இதற்கும் வேலூருக்கும் உள்ள உறவு, இதைப் போட்டு நடக்கிற பலருக்கே தெரியாது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். அவர் பார்த்துச் சொன்னது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது, முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாமல் அந்தக் கையையும் காலையும் போட்டு உழைப்பதால்தான் புண் வந்து விரல் போகிறது என்றார். அப்படியானால் காலைக் காப்பாற்ற மருந்து மட்டும் போதாது, செருப்பும் வேண்டும். சி.எம்.சி.யிலும், 1955இல் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆய்வு நிலையத்திலும் அந்த வேலை நடந்தது. மெத்தென்ற நுண்துளை ரப்பர் மேலே, முள் ஏறாத கெட்டி ரப்பர் கீழே, எங்கேயும் ஆணி கிடையாது, கழன்று போகாமல் இருக்கப் பின்வார். உணர்ச்சி இல்லாத காலுக்கான இந்த அமைப்பு பிற்பாடு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது, ஏனென்றால் சர்க்கரையும் நரம்பைக் கெடுக்கிறது. நாங்களெல்லாம் அந்தப் பெரியவர்கள் போட்ட பாதையில் நடக்கிற சின்னக் கடைக்காரர்கள்.

சாதாரண ஷூக் கடையில் "எங்கே அழுத்துது?" என்று கேட்டால் வாடிக்கையாளர் சொல்லிவிடுவார். மரத்துப்போன கால்காரர் "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கு" என்பார். அழுத்தி அழுத்திப் புண்ணாகிற இடத்திலும் அதையேதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, கால்தான் அவருக்குச் சேதி சொல்வதில்லை. அதனால்தான் மேஸ்திரி பத்து கிராம் அழுத்தம் தருகிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கிறார். மை தடவிய பாயில் ஒரு அடி எடுத்து வைக்கச் சொல்கிறார். எந்த இடத்தில் மை கறுப்பாக விழுகிறதோ அங்கே பாரம் அதிகம். பிறகு பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். ஸ்கேனர் காலின் நீளம், அகலம், வளைவு எல்லாவற்றையும் எங்கள் டேப்பைவிடச் சரியாக எடுக்கிறது. காலுக்குள் உணர்ச்சி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் அதை அளவுக்கு வைத்தோம், மேஸ்திரியை அதற்கு அடுத்த நாற்காலியில் உட்காரவைத்தோம். முன்பு ஒருவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கவே திணறிய ஆள், இப்போது அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறார்.

செயற்கை நுண்ணறிவை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். சர்க்கரையால் கெட்டுப்போகும் விழித்திரையைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க கூகுள் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்கள். அதற்கான படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் கொடுத்தவையும் உண்டு. 2016இல் வந்த முடிவு, கண் மருத்துவர்களுக்கு இணையாக இருந்தது. அப்புறம் அதே மாதிரி ஏற்பாட்டைத் தாய்லாந்தில் ஊர்ப்புற மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட படங்களை அது ஏற்கவே இல்லை, வெளிச்சம் சரியில்லாத அறையில் எடுத்த, தெளிவில்லாத படங்கள் என்பதால். அறிவில் குறையில்லை, அறையில்தான் குறை. நம்முடைய வீடுகளில் இரவு ஒன்பது மணிக்கு ட்யூப்லைட் வெளிச்சத்தில், காலைத் தூக்கிப் பிடித்து, பேரன் எடுத்து அனுப்புகிற போட்டோவை நினைத்துப் பாருங்கள்.

அதனால் வாட்ஸ்அப் விஷயத்தில் இப்படி முடிவு செய்திருக்கிறோம். கடை நேரம், வழி, விலை, செருப்பு தயாரா இல்லையா, இதற்கெல்லாம் தானியங்கி பதில் சொல்லும். தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் எல்லாம் அதற்கு வரும். வைத்தியத்துக்காகக் கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வேலூர் லாட்ஜ்களில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. எங்களுக்குத் தெரிந்த வங்காளம் "பாலோ" (நல்லது) ஒன்றுதான். புண், வீக்கம், சிவப்பு, எரிச்சல், நீர் கோத்துக்கொண்டது, இப்படி எதை எழுதினாலும், காலின் படம் அனுப்பினாலும், தானியங்கி வாயைத் திறக்காது. அது நேராக மேஸ்திரியின் போனுக்குப் போகும். அவரும் பெரும்பாலும் ஒன்றுதான் சொல்வார்: "செருப்பைக் கழட்டுங்க, இன்னைக்கே டாக்டரைப் பாருங்க." தானியங்கி எல்லோரையும் 'நண்பரே' என்று கூப்பிடுவது பற்றியும் புகார் வந்தது. குடியாத்தத்துப் பெரியவர் ஒருவர், "எழுபத்தெட்டு வயசுல எனக்கு இப்படி ஒரு நண்பனா?" என்று கேட்டார். மாற்றிவிட்டோம். இப்போது 'ஐயா', 'அம்மா' என்றுதான் வரும்.

மேலே பாக்கி வைத்த விஷயம் இது. இருக்கிறவர்கள் யாரும் போகவில்லை என்பது உண்மை. புதிதாக வர வேண்டியவன் வரவில்லை என்பதும் உண்மை. இந்த வருடம் வெட்டு வேலைக்கு ஒரு பையனைச் சேர்ப்பதாக இருந்தோம், சேர்க்கவில்லை. கம்ப்யூட்டர் ஆட்களை விரட்டுகிறது என்று செய்தியில் பார்க்கும்போது கூட்டமாக வெளியேறுகிறவர்கள்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வாசல் வரைக்கும் கூட வராமல் போனவனை யாரும் எண்ணுவதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேஸ்திரிக்கு இப்போது ஒருவர் பாதத்தைப் பார்த்ததும் புரிவது, இத்தனை வருடம் தோலையும் ரப்பரையும் கையால் வெட்டியதில் வந்த பழக்கம். அந்த முதல் படியை மெஷினிடம் கொடுத்துவிட்டால், அடுத்த மேஸ்திரி எந்தப் படியில் ஏறி வருவார்? ஒட்டுகிற தம்பிக்கு இதற்காகவே வாரத்தில் ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் வெட்டப் பழக்குகிறோம். அளவு மேசையிலும் பக்கத்தில் நிற்கிறான். வியாபாரக் கணக்கில் இது நஷ்டம்தான். பரவாயில்லை. வியாழக்கிழமை டெலிவரி கொஞ்சம் தாமதமானால் அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விலை. ஒரு ஜோடியில் வெட்டுக்கூலி சின்னப் பங்கு. எம்சிஆர் ஷீட், தோல், தையல், ஒட்டு, காலில் போட்டுப் பார்த்துத் திருத்துவது, இவைதான் பெரும் பங்கு, அதில் எதுவும் குறையவில்லை. மெஷினால் தோல் மிச்சமாகிறது, அந்த மிச்சம் இப்போதைக்கு பேங்க் தவணைக்குப் போகிறது. விலையை ஏற்றவும் இல்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் லாபம் நாட்கள்தான். ஒரு வாரம் காத்திருந்த செருப்பு இப்போது மூன்று, நான்கு நாட்களில் கைக்கு வருகிறது. வெளியூரிலிருந்து வந்து லாட்ஜ் வாடகை கொடுப்பவர்களுக்கு அது எவ்வளவு பணம் என்று தெரியும்.

"போட்டோ அனுப்புறேன், கூரியர்ல போட்டுடுங்க" என்று கேட்பவர்களுக்கு: முதல் ஜோடிக்கு முடியாது. ஏற்கெனவே எங்களிடம் அளவு இருந்து, ஆறு மாதத்துக்குள் கால் பார்த்திருந்தால் மட்டும் அனுப்புகிறோம். ஆற்காடு, வாலாஜா, பேரணாம்பட்டு, திருவலம் பக்கத்து முதியவர்களுக்கு பஸ் ஏறி வருவது சிரமம் என்பது தெரியும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் போன் செய்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரியும் தம்பியும் ஸ்கேனர் இல்லாமல் பாயும் டேப்பும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள். பெட்ரோல் செலவு மட்டும் வாங்கிக்கொள்கிறோம்.

அளவுக்கு வருகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். காலையில் இருக்கிற கால் மாலையில் இருக்காது, கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் வேண்டும். பழைய செருப்பை எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். மருத்துவர் சீட்டு இருந்தால் அதுவும். புதுச் செருப்பை முதல் நாளே முழுக்கப் போட வேண்டாம், ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிவிட்டுப் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கேயாவது சிவந்திருந்தால் உடனே கொண்டுவாருங்கள், காசு வாங்காமல் திருத்தித் தருகிறோம். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் தொழிலாளர்களும்,
வேலூர்